கடன் வாங்கிய விழிப்பு

நாம் பணிபுரியும் கல்லூரியில் சென்ற பருவத்தின் இறுதியில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. 'எனர்ஜி டிரிங்க்' எனப்படும் பானத்தின் தீமைகளைப் பற்றிச் சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் பேசினார். இக்கால இளைஞர்களுக்குக் கட்டுப்பாடு இல்லை, நாக்கு வளர்ந்துவிட்டது, நாங்களெல்லாம் பழையசோறும் மோரும் குடித்துவிட்டு முதல் வகுப்பில் தேறினோம் என்பது அவருடைய பேச்சின் சாரம். முன்வரிசையில் அமர்ந்திருந்த பேராசிரியப் பெருமக்களாகிய நாம் தலையசைத்தோம். பின்வரிசைகளில் மாணவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த உறக்கத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

தமிழாசிரியர்களுக்கு எதையும் பெயரிலிருந்து தொடங்குவதே பழக்கம். நாளிதழ்கள் இதனை 'ஆற்றல் பானம்' என்றும் 'ஊக்க பானம்' என்றும் எழுதுகின்றன. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளில் இதற்கு உள்ள பெயர் 'காஃபீன் கலந்த பானம்'. லிட்டருக்கு 145 மில்லிகிராமுக்குக் குறையாமலும் 300 மில்லிகிராமுக்கு மிகாமலும் காஃபீன் இருக்கலாம் என்கிறது விதி. ஆக, 250 மில்லி புட்டி ஒன்றில் மிகுதியாகப் போனால் 75 மில்லிகிராம். கும்பகோணத்துக் கெட்டி டிகாக்ஷனில் கலந்த ஒரு பெரிய டம்ளர் காப்பியிலும் ஏறத்தாழ அவ்வளவு இருக்கக்கூடும். எனவே, இதனை நஞ்சு என்று மேடையில் முழங்குவோரோடு நாம் சேர இயலாது. மிகைப்படுத்திச் சொன்னதை மாணவன் ஒரே நாளில் கண்டுகொள்வான். பிறகு நாம் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டான்.

நமது வழக்கு அந்த 'ஆற்றல்' என்ற சொல்லோடுதான். உலகெங்கும் பெயர்பெற்ற ரெட்புல் டப்பா ஒன்றில் உள்ள சர்க்கரை 27 கிராம். அது தரும் கலோரி ஏறக்குறைய இரண்டு இட்டிலிக்குச் சமம். ஆற்றல் என்று சொல்லத்தக்கது அதில் அவ்வளவே. மீதிப் பணியைச் செய்வது காஃபீன். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது தன் ஏற்பிகளில் சென்று பொருந்தும்போது நமக்கு அயர்வு தெரிகிறது. காஃபீன் அந்த இடங்களை முந்திக்கொண்டு அடைத்துக்கொள்கிறது. அயர்வு தீர்வதில்லை, தெரியாமல் போகிறது. நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவரின் குருதியில் காஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். தேர்வுக்கு முதல்நாள் இரவு பத்து மணிக்கு இரண்டு புட்டி குடித்தவனுக்கு அதிகாலை மூன்று மணிக்கு ஒரு புட்டி உள்ளே இருக்கிறது. காலை எட்டு மணிக்கும் அரைப் புட்டி மிச்சம். சூடான காப்பியை ஆற்றி ஆற்றித்தான் குடிக்க முடியும். குளிரூட்டிய தித்திப்பை மூன்று மடக்கில் முடித்துவிட்டு அடுத்ததைத் திறக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் பருகலாகாது என்ற எச்சரிக்கை புட்டியிலேயே இருக்கிறது, உருப்பெருக்கியோடு வருவோர் படித்துக்கொள்ளலாம்.

இந்தப் பானம் யாருக்காகப் பிறந்தது என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஜப்பானில் 1962-இல் லிபோவிடான் என்ற சிறு புட்டி விற்பனைக்கு வந்தது. 1970-களில் தாய்லாந்தின் சலேவ் யூவித்யா தம் நாட்டுக்கென ஒன்றைத் தயாரித்தார். அதன் பெயர் கிராதிங் டேங், சிவப்புக் காட்டுமாடு என்று பொருள். (நம் சங்கப் புலவர்கள் 'ஆமா' என்று பாடிய அதே விலங்குதான், அது ஒரு நாள் தகரடப்பாவில் முட்டிக்கொண்டு நிற்கும் என்று அவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள்.) அதனை வாங்கிக் குடித்தவர்கள் லாரி ஓட்டுநர்கள், கட்டடத் தொழிலாளர்கள், இரவுப் பணிக்காரர்கள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த டீட்ரிஷ் மாடெஷிட்ஸ் அதனைக் கண்டு, யூவித்யாவோடு கூட்டுச் சேர்ந்து, 1987-இல் தம் நாட்டில் ரெட்புல் என்ற பெயரில் இறக்கினார். அதன் பிறகுதான் பந்தயக் கார், பனிச்சறுக்கு, கேளிக்கை விடுதி என்ற அலங்காரமெல்லாம் வந்தன. அலங்காரத்தை உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இன்னும் ஒரு ஷிப்ட் வேலை பார்க்க வேண்டிய ஒரு கூலியாள்.

நமது மாணவனும் அவனேதான் என்பதை நாம் அறிந்துகொண்டது ஒரு தேர்வு அறையில். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் விடைத்தாளில் பதிவெண்ணை எழுத முடியாமல் பேனாவை வைத்து வைத்து எடுத்தான். கை நடுங்கிற்று. அருகில் சென்று என்னப்பா என்றோம். "ஒண்ணுமில்ல ஐயா, நைட்டு கேட்டரிங் போயிட்டு அப்படியே வந்துட்டேன்" என்றான். முகூர்த்த நாள், மண்டபத்தில் பந்தி பரிமாறி, பாத்திரம் ஏற்றி, விடியற்காலையில் இரண்டு புட்டியைக் குடித்துவிட்டு முதல் பேருந்தைப் பிடித்திருக்கிறான். ஊருக்கே விருந்து படைத்தவன் வெறும் வயிற்றோடு வந்திருந்தான். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தோம். இருபது நிமிடம் கழித்து எழுதத் தொடங்கினான்.

இதில் நாம் சொல்லக் கூசுகிற பகுதி ஒன்று உண்டு. வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனதால் காண்டனேஷன் கட்டணம் செலுத்த வேண்டியோர் பட்டியலை ஒரு மாதம் முன்பு தயாரித்தவர்கள் நாம். அதில் அவன் பெயரும் இருந்தது. அந்தக் கட்டணத்தைக் கட்டத்தான் கூடுதலாக இரண்டு முகூர்த்தங்களுக்குப் போனானாம். காலை முதல் மணி வகுப்பில் அவன் தலை சாயும்போதெல்லாம், காலத் தாழ்வு, மறதி, மடி, துயில் ஆகிய நான்கையும் கெடுவோர் விரும்பி ஏறும் மரக்கலம் என்று வள்ளுவர் சொன்னதை எடுத்துச்சொல்லி எழுப்பியவர்களும் நாம்தான். மடியின்மை அறுபத்தோராவது அதிகாரம். அதற்கு முந்தையது ஊக்கமுடைமை. வள்ளுவர் கடிந்தது வேலைக்கு அஞ்சிப் படுத்திருப்பவனின் துயிலை. இரவெல்லாம் உழைத்தவனின் உறக்கத்தின்மீது அந்தக் குறளை எறிந்தது நமது கல்வியறிவு. 'ஊக்கம்' என்ற சொல்லை வணிகர்கள் திருடிக்கொண்டார்கள் என்று புகார் சொல்ல நமக்கு வாய் இருக்கிறதா?

தடை வேண்டும் என்கிறார்கள். லிதுவேனியா 2014-லும் போலந்து 2024 தொடக்கத்திலும் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு இதனை விற்பதைத் தடை செய்தன. பள்ளிப்பிள்ளைகளைப் பொறுத்தவரை அது இங்கும் வரட்டும், வரவேற்போம். கல்லூரி மாணவனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, அவன் வாக்காளன். சிற்றுண்டிச் சாலையில் விற்கக் கூடாது என்றால் வாயிலுக்கு எதிர்ப்புறம் உள்ள பெட்டிக்கடையில் 20 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 2025 செப்டம்பர் முதல் இந்தப் பானத்துக்கு ஜி.எஸ்.டி. 40 விழுக்காடு, ஆடம்பரத்துக்கும் தீய பழக்கத்துக்கும் என ஒதுக்கப்பட்ட தட்டு அது. முகூர்த்தக் கூலியிலிருந்து அந்த ஆடம்பர வரியைச் செலுத்துகிறவன் யார் என்று யாரும் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்த வாரத்தில் துறைக் கூட்டத்தில் நாம் மூன்று கோரிக்கைகளை வைத்தோம். அகமதிப்பீட்டுத் தேர்வுகளை ஒரே வாரத்தில் அடுக்க வேண்டாம். வேலைக்குச் செல்லும் மாணவர்களின் பட்டியல் ஒன்று துறையிலேயே இருக்கட்டும், காண்டனேஷன் பட்டியலுக்குக் கையெழுத்திடும் முன் அதைப் பார்ப்போம். தேர்வு நாள்களில் காலை எட்டரைக்கு இட்டிலி கிடைக்கும்படி சிற்றுண்டிச் சாலைக்காரரிடம் பேசுவோம். முதலாவதைப் பல்கலைக்கழக நாள்காட்டி அனுமதிக்காது என்றார்கள். இரண்டாவதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். இட்டிலிக்கு மட்டும் ஒப்புதல் கிடைத்தது. பருவத்தேர்வின் முதல் நாள் காலை நாம் போய்ப் பார்த்தபோது முப்பது பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். அவன் இல்லை, முதல் பேருந்து ஒன்பதே காலுக்குத்தான் வந்து சேருமாம். ஒரு பொட்டலம் கட்டி வாங்கி வைத்தோம்.