நானூறு ஆட்டம், ஒரு பெயருமில்லை

விளையாட்டு என்றாலே முகஞ்சுளிப்போர் நம்மிடையே உண்டு. படிக்கிற பிள்ளைக்கு ஆட்டம் ஆகாது என்பது அவர்தம் முடிவு. ஆட்டமே வாழ்வெனக் கைப்பேசியில் இரவைத் தொலைப்போரும் உண்டு. இவ்விரு சாராரும் ஒரு சிறு கருவியைக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டுமென விரும்புகிறேன். தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில், சில நூறு ரூபாய்க்கு அது கிடைக்கிறது. பழைய வீடியோ ஆட்டங்களை உள்ளடக்கிய கையடக்கப் பெட்டி. மூன்று அங்குலத் திரை. பழைய கைப்பேசிகளில் இருந்தது போன்ற கழற்றக்கூடிய பேட்டரி. தொலைக்காட்சியோடு இணைக்க ஒரு கம்பி. 'ஒன்றில் நானூறு' என்று அட்டையில் கொட்டை எழுத்து!

விடுமுறையில் ஒரு வாரம் அதனை ஆடிப் பார்த்தேன். நல்லதை முதலில் சொல்வது முறை. இதற்கு இணையம் வேண்டா. விளம்பரம் குறுக்கிடாது. 'பணம் கட்டு, இன்னோர் உயிர் தருகிறேன்' என்று பேரம் பேசாது. பொத்தானை அழுத்தினால் ஆட்டம், அணைத்தால் ஓய்வு. லைன் வீட்டுத் திண்ணையில் நாலு பிள்ளைகள் முறைவைத்து ஆட ஒரு பெட்டி போதும். குறைகளும் உண்டு. ஒலி கீச்சிடுகிறது. பொத்தான் சில வேளை ஒட்டிக்கொள்கிறது. நானூறு என்ற கணக்கும் நாணயமானதன்று. ஒரே ஆட்டம் இரண்டு மூன்று எண்களில் வேறு வேறு பெயர் சூடி வருகிறது. ஆயினும் கொடுத்த காசுக்கு மோசமில்லை.

இதன் தாய் ஜப்பானில் பிறந்தது. 1983இல் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஃபேமிகாம்' என்னும் கருவியின் வழிவந்தது இது. அன்று ஒரு பெட்டி நிறைய இருந்த மின்சுற்று, இன்று ஒரே சில்லில் அடங்கிவிட்டது. அந்தக் கருவியின் பணி நினைவகம் வெறும் 2 கிலோபைட். 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போல் பல மடங்கு இடம் பிடிக்கிறது. வானில் மிதக்கும் முகிலும் தரையில் நிற்கும் புதரும் அந்த ஆட்டத்தில் ஒரே படந்தான். நிறத்தை மட்டும் மாற்றி இரண்டாக்கினார்கள். வறுமையில் செம்மை என்பது இதுவன்றோ!

நானூற்றில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'லோட் ரன்னர்'. தங்கவயல்காரனுக்கு அது வேற்றூர் ஆட்டமன்று. செங்கல் தளங்களுக்கும் ஏணிகளுக்கும் இடையே ஓடித் தங்கத்தைப் பொறுக்க வேண்டும். துரத்துவோரை வீழ்த்தப் பக்கத்தில் குழி தோண்டலாம். தோண்டிய குழி சற்று நேரத்தில் தானே மூடிக்கொள்ளும். அப்போது நாம் அதற்குள் இருந்தால் மாண்டோம். தங்கம் முழுவதையும் எடுத்தால் மேலேற ஓர் ஏணி தோன்றும். திரையில் மூடினால் மறுபடி ஓர் உயிர் உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, 'ராக் பர்ஸ்ட்' என்று நம் பாட்டன்மார் அஞ்சிய பாறை வெடிப்பு நேர்ந்தபோது அவர்களுக்கு மறு உயிர் இருந்ததா?

இந்த ஆட்டத்தை ஆக்கியவர் யார் என்று தேடினேன். டக்ளஸ் ஸ்மித். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்ற மாணவர்; நம்மைப்போல் ஒரு மாணவர்! அவர் எழுதிய ஆட்டம் 1983இல் வெளிவந்து உலகைச் சுற்றியது. ஆனால், நான் வாங்கிய பெட்டியில் அவர் பெயர் எங்குமில்லை. பல ஆட்டங்களின் முகப்பில் நிறுவனத்தின் பெயர்கூடச் சுரண்டப்பட்டிருக்கிறது. கருவியின் காப்புரிமைக் காலம் முடிந்திருக்கலாம். ஆட்டங்களின் பதிப்புரிமை முடியவில்லை. உரியவரிடம் கேளாமல் அள்ளி அடைத்த சரக்கு இது.

நகலெடுத்தவனை மட்டும் நோவதிலும் நியாயமில்லை. முதலில் விற்ற பெருநிறுவனங்கள் சிலவும் ஆக்கியோன் பெயரை மறைத்தவையே. அட்டாரி நிறுவனம் பெயர் போட மறுத்ததால், வாரன் ராபினெட் என்பவர் தம் 'அட்வெஞ்சர்' ஆட்டத்துக்குள் ஓர் இரகசிய அறை கட்டி அதிலே தம் பெயரை ஒளித்துவைத்தார். உழைத்தவன் தன் பெயரைத் திருடனைப்போல் ஒளிக்க நேர்ந்தது என்றால், அந்த வாணிபத்தை என்னென்பது?

'ஏழைப் பிள்ளைக்கும் எட்டுகிற விலையில் கிடைக்கிறதே! பெயர் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன?' என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். எட்டட்டும், அதை நானும் வரவேற்கிறேன். ஆனால், பெயர் எதற்கு என்ற கேள்வியைத் தங்கவயல்காரன் கேட்கலாகாது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. அதன் பெயர் எல்லா ஏட்டிலும் இருக்கிறது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. அந்தச் சிறப்பும் பதிவாகியிருக்கிறது. 1965இல் நம் சுரங்கத்தின் ஆழத்தில் நியூட்ரினோவைக் கண்டறிந்த அறிவியலார் பெயரும் அச்சேறியது. வடார்க்காட்டிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து, 800 டன்னுக்கு மேல் தங்கம் வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர் எங்கே? 1930இல் கைரேகை பதியச் சொன்னபோது, முடியாதென்று வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள். ரேகையைக் கேட்டவர்கள் பெயரை நினைவில் வைத்தார்களா? 28-2-2001இல் சுரங்கம் மூடியது. சயனைடு மலை மிஞ்சியது. தங்கவயலின் பெயரைத் திரைப்படங்கள் உலகறியச் செய்துவிட்டன. ஊரின் பெயர் தெரிந்தது, ஊராரின் பெயர் தெரியவில்லை!

ஆகவே, பெட்டியை வாங்காதீர் என்று நான் சொல்லவில்லை. வாங்கி ஆடுவதோடு நில்லாதீர் என்கிறேன். மன்றத்திற்கு ஒரு வேண்டுகோள். அத்தகைய பெட்டி ஒன்று மன்ற அறையில் இருக்கட்டும். அதன் பக்கத்தில் ஒரு தாள் தொங்கட்டும். 'பேக்-மேன், 1980, தோரு இவாத்தானி'. 'டெட்ரிஸ், 1984, அலெக்சி பாஜித்நோவ்'. 'லோட் ரன்னர், 1983, டக்ளஸ் ஸ்மித்' என்று ஆடுகிறவரே தேடி எழுதட்டும்.

அடுத்து, ஓர் ஆட்டத்தை நாமே எழுதுவோம். ஃபேமிகாமுக்கு நிரல் எழுதும் கருவிகள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. கணிப்பொறி பயிலும் தோழர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை. 2 கிலோபைட் நினைவகம் வீண் செலவை மன்னிக்காது. அதன் திரை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களால் ஆனது. அதிலே நம் 'ழ'கரத்தை அடக்குவது எளிதன்று. இரண்டு கட்டம் கொடுத்தால் அடங்கும்! கேஜில் இறங்கி, பாறை பிளந்து, உயிரோடு மேலேறி வருவதே ஆட்டமாகட்டும்.

அதன் கடைசித் திரையில் பெயர்கள் ஓடவேண்டும். நம் பெயர்களல்ல. சுரங்கத்தில் இறங்கியவர்கள் இன்னும் ஆண்டர்சன்பேட்டையிலும் மாரிக்குப்பத்திலும் திண்ணைகளில் அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த விடுமுறையில் ரயிலேறி ஊர் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லுங்கள், தோழர்களே! அவர்கள் பெயரைக் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு எழுதி வாருங்கள். காலம் கடத்தினால் கேட்பதற்கு ஆளிருக்காது.