புல்லுக்கும் அறுவடை நாள் உண்டு

பட்டுக்கோட்டை வட்டாரத்துப் பால் சங்கம் ஒன்றின் வாசலில் விடியற்காலையில் சற்று நின்று கவனித்தால் ஒரு விநோதம் தென்படும். தூக்குப்பாத்திரத்தில் வரும் இரண்டு லிட்டர் பாலுக்குக்கூடக் கொழுப்பு எவ்வளவு, கொழுப்பற்ற திடப்பொருள் எவ்வளவு என்று பரீட்சித்துப் பார்த்தே விலை போடும் நமது ஜனங்கள், அந்தப் பாலைச் சுரந்த பசுவுக்குப் புல் வாங்கும்போது மட்டும் கட்டைக் கையால் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால் சந்தோஷப்பட்டு, கேட்ட காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பாலுக்குத் தரம், புல்லுக்குக் கனம் என்ற இந்த வழக்கம் ஒழியவேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

கம்பு நேப்பியர் புல்லையே எடுத்துக்கொள்வோம். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4 ரகத்தின் கரணையை நட்டால், 75 அல்லது 80ஆம் நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளைக்கு ஓர் அறுப்பு, ஆக வருஷத்துக்கு ஏழு அறுப்பு, ஹெக்டேருக்கு 400 டன் வரை மகசூல் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் 45ஆம் நாள் வந்தும் அரிவாளை எடுக்க மனம் வராமல், ‘இன்னும் பத்து நாள் நிற்கட்டுமே, கட்டு பருக்கும்’ என்று தள்ளிப்போடுகிறவர்களே அதிகம். கட்டு பருக்கத்தான் செய்கிறது, பருப்பது தண்டு. எழுபது நாள் தாண்டிய புல்லின் அடிக்கணுவில் அரிவாளை வைத்துப் பாருங்கள்: இளமூங்கிலை அறுப்பதுபோல் கை நோகும். மாடும் அதை அறியும். ஓரத்து இலையை நாவால் சுற்றி உருவித் தின்றுவிட்டு, விரல் பருமன் தண்டை முகத்தால் தள்ளி ஒதுக்கிவிடும். அதைச் சாணத்தோடு சேர்த்து மறுநாள் எருக்குழிக்குக் கூட்டித் தள்ளும் வீட்டு அம்மாளுக்கே தெரியும், கொடுத்த காசில் பாதி எங்கே போயிற்று என்று. முற்ற முற்றப் புல்லில் புரதம் குறைந்து, ஜீரணத்துக்கு இடங்கொடாத நார் ஏறுகிறது. அந்தக் குறையை ஈடுகட்டப் புண்ணாக்கும் தவிடும் வாங்கவேண்டியதாகிறது. அறுக்கிறவருக்குத்தான் லாபமா என்றால் அதுவும் சந்தேகம்: அறுபது நாளுக்கு ஒரு முறை அறுத்தால் ஐந்து அறுப்போடு வருஷம் முடிந்துவிடும்.

இதனால் அவசரப்படச் சொல்கிறோம் என்று யாரும் கொள்ளவேண்டாம். தண்ணீரில்லாமல் வாடிய, பூவெடுக்காத இளஞ்சோளத்தில் இருக்கும் விஷம் ஒரு பசுவைச் சில நிமிஷங்களில் சாய்த்துவிடக்கூடும். அங்கே பாதிக் கதிராவது பூக்கும்வரை காத்திருப்பதே விவேகம். வேலிமசாலுக்கு முதல் வெட்டு 90ஆம் நாள், அதையும் தரையோடு வெட்டாமல் முழங்கால் உயரம் விட்டு வெட்டவேண்டும். ஒவ்வொரு பயிருக்கும் ஒரு நாளும் ஓர் உயரமும் உண்டு; அதைத் தெரிந்துகொள்வதற்குப் பெயர்தான் விவசாயம்.

வைக்கோலின் கதி இன்னும் பரிதாபம். களத்தில் மாடு மிதித்துத் துவண்ட வைக்கோலை மழைத்தண்ணீர் உள்ளே இறங்காதபடி போர் வேய்வது ஒரு காலத்தில் இந்த ஜில்லாவில் மதிப்புள்ள கைவேலை. இன்று இயந்திரம் கதிரை அறுத்து நெல்லை வாங்கிக்கொண்டு, தாளை வயலிலேயே வாரியிறைத்துவிட்டுப் போகிறது. தையில் அறுக்கும் சம்பா தாளையாவது வெயில் காப்பாற்றுகிறது. கட்டு கட்டும் இயந்திரம் வந்து உருட்டி, லாரி ஏற்றிவிடுகிறார்கள். குறுவை அறுப்போ புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு முட்டிக்கொள்கிறது. இரண்டு நாள் ஈரத்தில் கிடந்த தாள் கறுத்துப் பூஞ்சணம் பிடித்தால் அது மாட்டுக்கு உதவாது. நல்ல வைக்கோலிலேயே புரதம் நூற்றுக்கு மூன்று நாலு பங்குக்கு மேல் தேறாதபோது, அதையும் கெடவிடுவது மன்னிக்கத்தக்கதல்ல. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்துப் பதப்படுத்தும் முறை வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வருகிறது, செய்கிறவர்கள் சிலரே.

‘நெல்லுக்கே தண்ணீர் எட்டாத கடைமடையில் புல்லுக்கு நிலமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1934இல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாயை நம்பியிருக்கும் இந்தப் பகுதியில், நெல் வயலைப் புல்லுக்கு ஒதுக்கச் சொல்லும் துணிச்சல் நமக்கு இல்லை. ஆனால் தென்னந்தோப்பு இருக்கிறதே! 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் சாய்த்துப்போட்ட மரங்களின் இடத்தில் வைத்த கன்றுகளுக்கு நடுவே வெயில் விழுகிறது. நிழல் விழும் பழைய தோப்பிலும் கினியாப் புல் தாங்கி வளரும். தென்னைக்குப் பாயும் தண்ணீரிலேயே அதுவும் பிழைத்துக்கொள்ளும். சாணம் திரும்பத் தோப்புக்கே வரும்.

ஆகவே நாம் கேட்பது பெரிய திட்டமல்ல. கட்டு கட்டும் இயந்திரங்களைத் தைக்கு மட்டும் வைத்திராமல், குறுவை அறுப்புக்கு முன்பே வேளாண்மைப் பொறியியல் துறை குறைந்த வாடகைக்கு இங்கே நிறுத்தவேண்டும். ஒரத்தநாட்டில் 2012இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரி, நாம் பஸ்ஸில் தஞ்சாவூர் போகிற வழியிலேயே இருக்கிறது. எந்தப் புல்லை எந்த நாளில் அறுப்பது என்ற அட்டவணை ஒன்றை அவர்களிடம் வாங்கி ஒவ்வொரு பால் சங்கத்துச் சுவரிலும் ஒட்டுவதற்கு எந்தச் சர்க்கார் உத்தரவும் தேவையில்லை. சங்கங்களே புல்லை வாங்கி விற்க முன்வந்து, 45 நாள் புல்லுக்கு ஒரு விலையும் முற்றிய புல்லுக்கு அதில் பாதியும் என்று நிர்ணயித்தால், அரிவாள் தானாகவே உரிய நாளில் இறங்கும். சங்கத் தலைவர்கள் அடுத்த பொதுக்குழுவிலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.