முதல் பரிசு யாருக்கு?

போன ஏப்ரல் 14 அன்று எங்கள் சேரியில் அண்ணல் பிறந்தநாள் ஓவியப் போட்டி. நடத்தியது நாங்கள். நடுவர் நான். கோட்டு, டை, கண்ணாடியோடு அம்பேத்கர் படத்தை அச்சு அசலாகப் பார்த்து வரைந்த பையனுக்கு முதல் பரிசு கொடுத்தேன். ஆறாவது படிக்கும் ஒரு பெண், களையெடுக்கும் தன் அம்மாவின் கையை வரைந்திருந்தாள். பரிசு வாங்கிய படத்தைப் பார்த்தாள். தன்னுடையதைப் பார்த்தாள். நாலாய்க் கிழித்துச் சாக்கடையில் போட்டாள். "எனக்கு வரைய வராதுண்ணே."

இது நான் சொன்ன வார்த்தை. ஏழாம் வகுப்பில் ஓவிய வாத்தியார் என் நோட்டையும் ஊர்த்தெருப் பையன் நோட்டையும் ஒன்றாகத் தூக்கிப் பிடித்தார். அவன் வரைந்தது வீணையும் தாமரையும். நான் வரைந்தது எங்க தாத்தா வைக்கோல் தீயில் பறை காய்ச்சுவதை. "அதயும் பாரு, இதயும் பாரு. சாவுக்கு அடிக்கிறதத்தான் வரையணுமாடா?" வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் இருபது வருஷம் நான் படம் போடவில்லை.

'யாரோடும் ஒப்பிட்டுக்கொள்ளாதே, உன் போக்கில் வரை' என்று இப்போது உபதேசம் செய்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்களாகவா போய் ஒப்பிட்டுக்கொண்டோம்? நோட்டைத் தூக்கிப் பிடித்த கை யாருடையது? 1894இல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அங்கிருந்து கிளம்பிய சிவந்த மேனி லட்சுமியும் சரஸ்வதியும் காலண்டராக வீடு வீடாய் நுழைந்து, இதுதான் அழகு, இதுதான் படம் என்று ஆனார்கள். கறுத்த கை, வெடித்த பாதம், பறை, பன்றி எல்லாம் படத்துக்கு வெளியே நின்றன. அந்த அளவுகோல் கையில் இருக்கிறவரை 'ஒப்பிடாதே' என்பது வெறும் ஆறுதல் பேச்சு.

படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதை நாம் மேடைதோறும் பேசுகிறோம். ஒவ்வொருவனுக்கும் மேலே ஒருவன், கீழே ஒருவன். கீழே ஆள் இருக்கிற தைரியத்தில் மேலே இருப்பவனைச் சகித்துக்கொள்வது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு: இது என்ன தோழர்களே? அதே ஏணியைத்தானே அண்ணல் படத்துக்குக் கீழே சாய்த்து வைத்திருக்கிறோம்?

ஏணி இல்லாமல் வரைய முடியுமா என்று கேட்பவர்கள் பீகாரைப் பார்க்கட்டும். 1966-67 பஞ்சத்தில் நிவாரண வேலையாக மதுபனிப் பெண்களுக்குக் காகிதம் கொடுத்தார்கள். சுவரில் வரைந்ததைக் காகிதத்தில் வரைந்து விற்றார்கள். முதலில் பேர் வாங்கியவர்கள் பார்ப்பன, காயஸ்தப் பெண்கள். எழுபதுகளில் ஜித்வார்பூரின் துசாத் சாதி தலித் பெண்களும் வரைய வந்தார்கள். அவர்கள் அந்தப் பாணியைக் காப்பியடித்து இரண்டாந்தரமாக நிற்கவில்லை. சானோ தேவி போன்றவர்கள் தங்கள் உடம்பில் குத்தியிருந்த பச்சையையே கோடாக எடுத்தார்கள். தங்கள் வீரன் ராஜா சல்ஹேஷின் கதையை வரைந்தார்கள். காகிதத்துக்குச் சாணிக் கரைசல் பூசினார்கள். இன்று அது தனிப் பாணி. எங்க பாட்டி கையிலும் பச்சை இருந்தது. அதைப் பார்த்து வரை என்று எனக்கு எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

'அப்படியானால் பயிற்சி வேண்டாமா, கிறுக்கினால் போதுமா?' என்பார்கள். வேண்டும். தினமும் வேண்டும். கையை வரைகிறாயா, கையைப் பார். விரலுக்கும் விரலுக்கும் நடுவிலிருக்கும் இடைவெளியைப் பார். காகிதத்தைப் பார்க்காமல், கண் போகிற வேகத்தில் பென்சிலை நகர்த்து. கோணலாகத்தான் வரும். நாளைக்கு மறுபடி பார். கோடு தப்பா சரியா என்று அந்தக் கை சொல்லும். போன வாரம் நீ போட்ட படம் சொல்லும். பக்கத்துப் பிள்ளையின் நோட்டுக்கு அதில் வேலையில்லை.

வருகிற ஏப்ரலில் போட்டி வேண்டாம். காகிதமும் பென்சிலும் எல்லாப் பிள்ளைக்கும் கொடுப்போம். வரைந்த அத்தனையையும் சுவரில் ஒரே உயரத்தில் ஒட்டுவோம். பரிசுக் கோப்பைக்குக் காசு கொடுத்த பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபிக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை எனக்கு இருக்கிறது. கிழித்துப் போட்டாளே, அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் "தப்பு என்னோடதும்மா" என்று சொல்ல வேண்டும்.