நொட்டாங்கையும் தேய்ந்த பேரலும்

எங்கள் தெருவில் எனக்கு நொட்டாங்கை என்றுதான் பெயர். சோறு தின்னும் கையை அம்மா மாற்றினாள். எழுதும் கையை வாத்தியாரின் பிரம்பு மாற்றியது. கவண் மட்டும் இடது கையிலேயே நின்றது. 1986-ல் பட்டாளத்தில் சேர்ந்து முதன்முதலாக ஃபயரிங் ரேஞ்சில் படுத்தபோது, எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் கட்டையை யோசிக்காமல் இடது தோளில் வைத்தேன். பூட்ஸ் முனையால் காலைத் தட்டி, "உல்டா க்யோன்?" (ஏன் தலைகீழாக?) என்றார் பயிற்சி தரும் உஸ்தாத்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். துப்பாக்கியே அப்படித்தான் செய்யப்பட்டிருந்தது. பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். குடும்பத்தைச் சேர்ந்த அந்த 7.62 மி.மீ. துப்பாக்கியை 1960-களிலிருந்து ஈஷாப்பூரில் செய்தார்கள். விசையை ஒரு தரம் இழுத்தால் ஒரு குண்டு போகும், அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். முதல் குண்டை ஏற்ற இழுக்கும் காக்கிங் ஹேண்டில் இடப்பக்கம், சேஃப்டியை மாற்றும் சேஞ்ச் லீவரும் இடப்பக்கம். வலக்கைக்காரனுக்கு இதைவிடத் தோது கிடையாது. வலது கை பிடியை விடவே வேண்டாம், பெருவிரல் லீவரைத் தள்ளும், இடது கை ஹேண்டிலை இழுக்கும். எனக்கோ லீவரைத் தள்ள ஆள்காட்டி விரலை வளைக்க வேண்டும், ஹேண்டிலை இழுக்கப் பிடியையே விட வேண்டும். போதாதற்குக் காலிக் கூடு வலப்பக்கம் தெறிக்கும். என் வலது கை அங்கேதானே இருக்கும்? அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி ஒரு பித்தளைக் கூடு சுருட்டிவிட்ட சட்டைக் கைக்குள் புகுந்து முழங்கை மடிப்பில் உட்கார்ந்துகொண்டது. உதறவும் முடியாது, ரேஞ்சில் கை காலை ஆட்டினால் அதற்கு வேறு தண்டனை. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

தோளை மாற்றிக்கொண்டேன். கண் மாறவில்லை. எனக்கு இடது கண்தான் குறிபார்க்கும் கண். அதை மூடிக்கொண்டு சுட்டுப் பழக மூன்று வருடம் ஆயிற்று. கவணால் புளியங்காய் அடித்தவன், பேப்பர் டார்கெட்டில் சுமார் ரகமாகவே கடைசிவரை இருந்தேன்.

இப்போது துப்பாக்கிகளை ஒப்பிடும் பேச்சு அதிகமாகக் காதில் விழுகிறது. 2019-ல் நம் படைகளுக்கு 72,400 சிக் சாவர் 716 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் போனது. அமேதி பக்கம் கோர்வாவில் ஏ.கே.-203 ஆறு லட்சத்துக்கு மேல் செய்வதற்கு 2021 டிசம்பரில் ஒப்பந்தம் ஆனது. ஒப்பிடுகிறவர்கள் அட்டவணையின் ஒரு கட்டத்தில் 'இரு கைக்கும் பொருந்தும்' என்று டிக் அடிக்கிறார்கள், இன்னொன்றில் 'பேரல் ஆயுள் இத்தனை ஆயிரம் ரவுண்டு' என்று எழுதுகிறார்கள். இந்த இரண்டு கட்டங்களின் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

இரு கைக்கும் பொருந்துவது என்றால் என்ன? டேவர் துப்பாக்கியை இடக்கைக்காரனுக்கு மாற்றலாம், ஆனால் போல்ட்டைக் கழற்றி வேறு போட வேண்டும். மாற்றிய பிறகு பக்கத்தில் இருக்கும் வலக்கைக்காரனுக்கு அது உதவாது. பிரிட்டனின் எல்-85-ஐ இடது தோளிலிருந்து சுடவே முடியாது, ஹேண்டில் முகத்தில் அடிக்கும். அதைச் சுடுகிறவர்கள் எல்லோரும் வலது தோள்தான். சிக் 716-ல் லீவர் இரண்டு பக்கமும் இருக்கிறது, நல்லது. வேடிக்கை என்னவென்றால், இடக்கைக்காரனை நினைத்தே பார்க்காத ஏ.கே. எனக்குச் சுலபமாக இருந்தது. ஹேண்டில் வலப்பக்கம் இருப்பதால் சும்மா இருக்கும் வலது கையாலேயே இழுத்துக்கொள்ளலாம். கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் இதெல்லாம் தெரியாது. இது நொட்டாங்கைக்காரனுக்குக் காட்டும் சலுகையும் இல்லை. சுவரின் இடது ஓரத்திலிருந்து எட்டிச் சுடுகிறவன் வலது தோளில் வைத்தால் பாதி உடம்பு வெளியே தெரியும். வலது கையில் அடிபட்டவனுக்கு மிச்சம் இருப்பது இடது கைதான்.

பேரல் விஷயம் இன்னும் சிக்கல். சர்வீஸின் பின்பாதியில் ஆயுதக் கிடங்கில் இருந்தேன், அதைக் கோத் என்போம். ஒருநாள் டார்கெட்டில் வட்டத் துளைக்குப் பதில் சாவித் துவாரம் மாதிரி நீளமாக ஒரு கிழிசல். குண்டு புரண்டுகொண்டு, பக்கவாட்டில் போய்ப் பட்டிருக்கிறது. அந்த எஸ்.எல்.ஆரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் உள்ளே வரிப்பள்ளங்கள் மழுங்கிக் கிடந்தன. பேரலை முதலில் தின்பது வெப்பம். வெடிமருந்து எரியும்போது வாயுவின் சூடு இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் போகும், அது முதலில் அரிப்பது தோட்டா உட்காரும் அறைக்கு முன்னால் உள்ள தொண்டையை. நிதானமாகச் சுட்டால் பல ஆயிரம் ரவுண்டு தாங்கும் பேரல், ஆறவிடாமல் சுட்டால் சீக்கிரம் போய்விடும். அடுத்த எதிரி, நம்ப மாட்டீர்கள், சுத்தம் செய்கிறவன். துணித் துண்டு கட்டிப் பேரலுக்குள் விட்டு இழுக்கும் புல்த்ரூ கயிற்றை நேராக இழுக்காமல் சாய்த்து இழுத்தால், மண் ஒட்டிய கயிறு பேரல் வாயை வருஷக்கணக்கில் அறுக்கும். வாய் கோணினால் குண்டும் கோணும்.

உள்ளே குரோம் பூச்சு இருந்தால் துருவும் அரிப்பும் தள்ளிப்போகும். இதை அமெரிக்கர்கள் வியட்நாமில் கற்றுக்கொண்டார்கள். குரோம் இல்லாத எம்-16 அறைகள் அந்த ஈரத்தில் அரித்து, சுட்ட கூடு வெளியே வராமல் சிக்கியது. மருந்தையும் மாற்றியிருந்தார்கள், சுத்தம் செய்யும் சாமான்களும் போதவில்லை. 1967-ல் காங்கிரஸ் குழு விசாரித்தது, அறைக்குக் குரோம் வந்தது. ஆனால் பூச்சு சீராக இல்லாவிட்டால் குறி கெடும். அதனால்தான் போட்டிக்குச் சுடுகிறவர்கள் ஸ்டெயின்லெஸ் பேரலை விரும்புகிறார்கள். ஆக, 'பத்தாயிரம் ரவுண்டு' என்று எழுதியிருந்தால் நான் கேட்பது: எந்த வேகத்தில் சுட்டீர்கள், கடைசி ரவுண்டுகளில் குண்டுகள் பட்ட குரூப் எத்தனை அங்குலம் விரிந்தது?

புதுத் துப்பாக்கியை வலக்கைக்காரன் சுட்டால் எல்லாத் துப்பாக்கியும் நல்ல துப்பாக்கிதான். உலகத்தில் பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர். சோதனை செய்யும் குழுவிலும் அந்தக் கணக்கு இருக்கட்டும். சொன்ன ஆயுளில் முக்கால்வாசி தேய்ந்த பேரலை அவர் கையில் கொடுத்துச் சுடச் சொல்லட்டும். அதன்பிறகு விலையைப் பேசலாம்.

என் பேத்தியும் நொட்டாங்கை. கல்லூரியில் .22 ரைபிள் சுடப் போகிறாள், போல்ட் வலப்பக்கம். முற்றத்தில் ஒட்டடைக் கழியை வைத்துக்கொண்டு படுத்துக் காட்டினாள். தாங்கிப் பிடிக்கும் வலது கையை எடுத்துத்தான் போல்ட்டை இழுக்க வேண்டியிருக்கிறது, கழியின் முனை தரையில் சாய்கிறது, ஒவ்வொரு குண்டுக்கும் புதிதாகக் குறி பார்க்கிறாள். "தோளை மாத்திக்கட்டுமா தாத்தா?" என்றாள். வேண்டாம், முன்னால் ஒரு மணல் மூட்டை வைக்க விடுவார்களா என்று கேட்டு வா என்று அனுப்பியிருக்கிறேன்.