மரக்கன்று நட்டதும் உரம் போடலாமா? முதல் கோடையைத் தாண்ட வேருக்கு என்ன தேவை?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டாலே தமிழகம் முழுக்க மரக்கன்று நடும் விழாக்கள் களைகட்டும். மாநிலத்தின் வனம் மற்றும் மரங்களின் பரப்பை 33 சதவீதமாக உயர்த்தும் இலக்குடன் 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் தொடங்கப்பட்டது. எத்தனை கன்று நட்டோம் என்ற கணக்கு மழையோடு முடிந்துவிடும். ஆனால், அதில் எத்தனை பிழைக்கும் என்பது மார்ச் முதல் மே வரையிலான முதல் கோடையில்தான் தெரியும். அதற்குள் வேர் பிடித்திருக்க வேண்டும். அதற்கு உரம் உதவுமா?

யூரியா போட்டால் என்ன ஆகும்?

"ஒரு பிடி யூரியா போடுங்க, மளமளன்னு வந்துடும்" என்று சொல்பவர்கள் உண்டு. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. அது இலையையும் தண்டையும்தான் வேகமாகத் தள்ளும். மேலே இலை பெருகப் பெருக தண்ணீர் தேவையும் கூடும். அதை உறிஞ்சிக் கொடுக்கும் அளவுக்குக் கீழே வேர் பரவியிருக்காது. வெயில் ஏறியதும் கன்று வாடிவிடும். அதோடு, உரம் அதிகமானால் மண்ணில் உப்பு ஏறி இளம் வேர்களே கருகிவிடும்.

அப்போ டிஏபி?

டிஏபியில் 46 சதவீதம் மணிச்சத்து. 'மணிச்சத்து வேருக்கு நல்லது' என்பது பாதி உண்மை. மண்ணில் அந்தச் சத்து குறைவாக இருந்தால் பலன் உண்டு. போதுமான அளவு இருக்கும் மண்ணில் கூடுதலாகக் கொட்டினால் வேர் கூடுதலாக வளராது. மாறாக, வேரோடு சேர்ந்து வாழ்ந்து சத்தை எடுத்துக் கொடுக்கும் வேர் உட்பூசணத்தின் வளர்ச்சி பாதிக்கப்படும்.

குழியில் என்ன போடணும்?

தோண்டி எடுத்த மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் கொஞ்சம் கலந்தாலே போதும். மக்காத சாணம் வேண்டாம். சூடு ஏறும், கரையானும் வரும். குழியை முழுக்க எருவாலேயே நிரப்புவதும் தவறு. வேர் வெளியே போகாமல் குழிக்குள்ளேயே சுருண்டுவிடும்.

பாலித்தீன் பையைக் கட்டாயம் அகற்ற வேண்டும். பைக்குள் வட்டமாகச் சுற்றியிருக்கும் வேர்களைப் பிரித்துவிட வேண்டும், முடியாவிட்டால் வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் மரம் பெரிதான பிறகு அந்த வேரே அடிமரத்தை நெரிக்கும்.

தண்ணீர் எப்படி ஊற்றணும்?

முதல் சில வாரங்கள் மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் மேல்மண் மட்டுமே நனையும், வேரும் மேலேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு, ஆழமாக இறங்கும்படி ஊற்றினால் ஈரத்தைத் தேடி வேர் கீழே போகும். சருகு, வைக்கோல் கொண்டு மூடாக்கு போட்டால் ஈரம் நிற்கும். அது தண்டை ஒட்டி இருக்கக் கூடாது.

உரம் எப்போ போடலாம்?

கன்று வேர் பிடித்து, புதுத் துளிர்கள் தொடர்ந்து வரத் தொடங்கிய பிறகு போடலாம். அதுவும் மண் பரிசோதனையில் குறை தெரிந்தால் மட்டும், ஈரமான மண்ணில், தண்டிலிருந்து தள்ளி வட்டமாகப் போட வேண்டும்.

வேருக்கு இடமும் வேணும்

2016 டிசம்பர் 12-ல் வீசிய வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. புயலின் வேகம் ஒரு காரணம் என்றால், சிமெண்ட் தரைகளுக்கு நடுவே வேர் பரவ வழியில்லாமல் நின்றதும் பல மரங்களுக்கு எமனாக அமைந்தது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என டெல்லியில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது.

அதனால் கன்று நடும் நாளிலேயே இரண்டு விஷயங்களை முடிவு செய்துவிடுவது நல்லது. ஒன்று, சுற்றிலும் எவ்வளவு மண் திறந்திருக்கும்? இன்னொன்று, மழை நின்ற பிறகு யார் தண்ணீர் ஊற்றுவது?