துகளும் தமிழ் மாணவரும்

கோச்சடைச் சாலையில் எழும் புழுதியைக் கண்டு முகஞ் சுளிக்கின்றோம். விண்ணிலோ துகள் பிறத்தல் வியத்தகு நிகழ்ச்சியாம். சிக்னஸ் என்னும் அன்ன மண்டலத்தில், டபிள்யூ.ஆர். 140 எனப்படும் பெருவிண்மீன் இரட்டை ஏறத்தாழ 8 ஆண்டுக்கொருமுறை தம்முள் நெருங்குகின்றது. அப்பொழுது இரு மீன்களின் காற்றும் மோதிச் செறிந்து குளிர, கரித்துகள் தோன்றி வளையமாய் விரிகின்றது. கண்ணுக்குப் புலனாகா அவ்வளையங்கள் 17-க்குக் குறையா என்பதனை, அகச்சிவப்புக் கதிர்களின் துணைகொண்டு வெப் தொலைநோக்கி 2022-இல் காட்டிற்று. மரத்தின் ஆண்டு வளையம்போல, ஏறத்தாழ 130 ஆண்டு வரலாறு ஆங்கே பதிந்துள்ளது.

இலக்கியம் பயில்வோர்க்கு இஃது எற்றுக்கு என்பர் சிலர். அக்கூற்றுப் பொருந்தாது. அறிஞர் கண்டதனை நம் ஊரார்க்கு உணர்த்துவார் யாவர்? ஆங்கிலத்திலேயே கிடப்பின், அம்மொழி கல்லாதார்க்கு அவ்வறிவு எட்டாக்கனியே. நண்பர்காள், சொல் பயின்ற நாமே அதனைத் தமிழில் தருதல் கடன்.