பெயர் ஒருவருக்கு, வண்டி மற்றொருவருக்கு

ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் காலை நேரத்தில் காலணித் தொழிற்சாலைகளையும் தோல் ஷாப்புகளையும் நோக்கி விரையும் இருசக்கர வாகனங்களில், ஓட்டுகிறவரின் பெயரிலேயே பதிவானது எது, வளைகுடாவில் வேலை பார்க்கும் தமையனின் பெயரில் இருப்பது எது, தவணைக் கடனுக்காகச் சம்பளச் சீட்டைக் கொடுத்த மனைவியின் பெயரில் இருப்பது எது, என்றோ விற்றுக் காசு வாங்கிச் சென்ற பழைய சொந்தக்காரரின் பெயரிலேயே நீடிப்பது எது என்று யாராலும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. இவற்றுள் பெரும்பாலானவை அன்பினாலும் அவசரத்தினாலும் தாட்சண்யத்தினாலும் நேர்ந்தவை. வஞ்சகம் இவற்றில் அபூர்வம். ஆயினும் பிறருக்காகத் தம் பெயரைக் கொடுக்கிறவர், தம் பெயரோடு எதையெல்லாம் சேர்த்துக் கொடுக்கிறார் என்பதைச் சிந்திப்பதில்லை என்பதே என் விசனம்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், யார் பெயரில் வண்டி பதிவாகியுள்ளதோ அவரே அதன் சொந்தக்காரர் என்று வரையறுக்கிறது. கடனிலோ குத்தகையிலோ உள்ள வண்டியாயின், அந்த ஒப்பந்தத்தின்படி அதை வைத்திருப்பவர் சொந்தக்காரராவார். 2009-இல் விபத்துக்குள்ளான ஒரு காரின் வழக்கில், அது அதற்கு முன்பே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கும், அவரிடமிருந்து வேறொருவருக்குமாகப் பலமுறை கைமாறியிருந்தும், எவரும் பெயர் மாற்றம் செய்துகொள்ளாமையால், நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு பதிவுப் புத்தகத்தில் பெயருள்ள முதல் விற்பனையாளரையே சாரும் என்று, தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர், பதிவாகாத விற்பனைகளின் சுவட்டைத் தேடி வீடு வீடாக அலையவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று என்பதே அதன் ஆதாரம். இதனினும் தர்மமான வாதம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நம் ஊர்களில் நடப்பதைப் பாருங்கள். ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சிறு முதலாளி ஒருவர், காலணிக்கான மேல்தோல் ஏற்றிச் செல்லப் பழைய குட்டியானைச் சரக்கு வண்டி ஒன்றை வாங்குகிறார். விற்பவர் 29, 30 என்னும் எண்ணிட்ட படிவங்களில் கையெழுத்திடுகிறார், வாங்குபவரின் பெயர் எழுதும் கட்டமும் தேதியும் காலியாகவே இருக்கின்றன, ஆர்.சி. புத்தகத்தோடு அப்படிவங்களும் இடைத்தரகரின் பையில் உறங்கப் போகின்றன. மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்கவேண்டும் என்று சட்டம் சொல்லியிருக்க, அந்த வண்டியோ இன்னொரு கைக்கும் போய்விடுகிறது. சித்தூர்ப் பக்கமோ கோலார்ப் பக்கமோ எல்லை தாண்டிவிட்டால், தடையில்லாச் சான்றும் இன்றி, அதைத் தேடுவது பெரும் பிரயாசை. வெற்றுப் படிவத்தில் இட்ட கையெழுத்தை நம்பிக்கை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அது அஜாக்கிரதையே.

குடும்பத்துக்குள்ளும் இந்த அபாயம் உண்டு. பதிவுபெற்ற சொந்தக்காரரே ஓட்டும்போது மட்டும் பொருந்தும் 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு, தாயின் பெயரிலுள்ள வண்டியை மகன் ஓட்டி மாண்டால், அவனுக்குக் கிட்டாமற் போகிறது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தால், 2019-இன் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ சொந்தக்காரருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வரலாம். வண்டியின் பதிவும் பன்னிரண்டு மாதம் ரத்தாகும். உழைக்கும் மகளிருக்கு 2018-இல் தமிழக அரசு இருசக்கர வாகன மானியம் அளித்தபோது, ஓட்டுநர் உரிமத்தையும் உடன் கேட்டது. பெயரும் கைப்பிடியும் ஒருவரிடமே இருக்கவேண்டும் என்ற உத்தமமான நோக்கம் அதில் அடங்கியிருந்தது. காலணித் தொழிற்சாலையில் நாளெல்லாம் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து சம்பாதிக்கும் பெண்ணின் பெயரில் வண்டியை வாங்கி, ஓட்டும் சுதந்திரத்தை மட்டும் அவளுக்குக் கொடாமல், பொறுப்பை மாத்திரம் அவள் தலையில் ஏற்றும் குடும்பங்களை என்னால் நல்ல குடும்பங்கள் என்று சொல்ல இயலவில்லை.

பரிகாரங்கள் இல்லாமல் இல்லை. சொந்தக்காரர் காலமானால் வாரிசு 31-ஆம் படிவத்தில் விண்ணப்பிக்கலாம். 2021 முதல் பதிவுச் சான்றிலேயே நியமனதாரரைக் குறித்து வைக்கவும் வழியுண்டு. 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் பழைய வண்டியை ஒப்படைத்து இணையவழியே அறிவித்துவிட்டால், பொறுப்பு அவரைச் சேரும்.

ஆனால் ஒருநாள் கூலியை இழந்து அலுவலகப் படியேற இயலாத தொழிலாளிக்கு இந்த வசதிகள் எட்டாத உயரத்தில் இருக்கின்றன. போக்குவரத்துத் துறை ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெயர் மாற்ற முகாம்களை நடத்தவேண்டும். தொழிற்சாலை நிர்வாகங்கள் அதற்கு இடம் தரவேண்டும். வாசகர்களே, நீங்களும் இன்றே உங்கள் வீட்டு ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, அதிலுள்ள பெயரையும் வண்டியை ஓட்டுகிறவரின் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாயிருந்தால், அதைச் சீர்செய்ய இந்த மாதத்தைக் கடத்தாதீர்கள்.